மறதிக்கு முன்பே மங்கும் மோப்பம்

2020-ஆம் ஆண்டு, கொரோனாவின் முதல் அலை புனே நகரைப் புரட்டிப் போட்ட நேரம். பாஷாணில் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்தில் நரம்பியல் ஆய்வாளர் நிக்சன் ஆபிரகாமின் குழு, மோப்பத்தை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கியது. சசூன் பொது மருத்துவமனை மருத்துவர்களுடன் சேர்ந்து, காய்ச்சலோ இருமலோ இல்லாமல் தொற்று மட்டும் உறுதியானவர்களைச் சோதித்தார்கள். வாசனை தெரியவில்லை என்று தாமாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர். அளந்து பார்த்தபோது மோப்பம் குறைந்திருந்தவர்கள் சுமார் 82 பேர்!

கொரோனா ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை நாம் மறக்கக் கூடாது. கண் மங்கினால் எழுத்து தெரியாது, காது மந்தமானால் வீட்டார் கத்திப் பேசுவார்கள். மோப்பம் குறைந்தால் மட்டும் பெரும்பாலும் குறைந்தவருக்கே தெரிவதில்லை. முதியவர்கள் விஷயத்தில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு மூளையின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது.

பார்வையும் ஒலியும் தொடுகையும் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்துதான் மூளையின் புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூக்கின் மேற்கூரையிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் எலும்பின் நுண்துளைகள் வழியே ஏறி முகர்வுக் குமிழை அடைகின்றன. அங்கிருந்து என்டோரைனல் புறணிக்கு நேர்ப்பாதை உண்டு. நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்குச் செய்திகள் நுழைகிற வாசல் அதுதான். மறதியை உண்டாக்கும் அல்சைமர் நோயின் அடையாளமான டௌ புரதச் சிக்கல்கள் மூளைப்புறணியில் முதலில் தோன்றுவதும் இந்த வாசலை ஒட்டியே என்று ஜெர்மனியின் ஹைகோ பிராக், ஏவா பிராக் இணையர் 1991-இல் காட்டினார்கள். அதனால் பேரப்பிள்ளைகளின் பெயர் மறக்கும் முன்பே வாசனைகள் குழம்பத் தொடங்கலாம்.

இதை வீட்டிலேயே கண்டறிய முடியுமா? அமெரிக்காவின் மாஸ் ஜெனரல் பிரிகாம் ஆய்வாளர்கள் அரோமா என்ற சோதனையை உருவாக்கி, 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிரித்து முகர்ந்து, என்ன வாசனை, முன்பு முகர்ந்ததுதானா, இரண்டும் ஒன்றா வேறா என்று பதில் சொல்ல வேண்டும். லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள முதியவர்கள், இல்லாதவர்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். மேற்பார்வையாளர் இல்லாமல் வீட்டில் தனியாகச் செய்தபோதும் முடிவு மாறவில்லை.

ஆனால் இத்தகைய அட்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் சரிப்படாது. 1984-இல் பென்சில்வேனியாவில் ரிச்சர்ட் டோட்டி உருவாக்கிய புகழ்பெற்ற 40 வாசனைச் சோதனையில் ரூட் பியர், லைலாக் பூ எல்லாம் உண்டு. கும்பகோணத்துப் பாட்டிக்கு லைலாக் தெரியவில்லை என்றால் அது நோயல்ல. வாசனைக்குப் பெயர் சொல்வதில் ஊரும் சமையலும் மொழியும் கலந்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகளிடம் பயன்படுத்த இந்திய வாசனைகளைக் கொண்ட சோதனையை மாதுரி பெஹாரி குழுவினர் 2013-இல் வெளியிட்டதும் இதனால்தான். புனே குழு வேறொரு வழியையும் கையாண்டது. அடுத்தடுத்து இரண்டு வாசனைகளைக் காட்டி, ஒன்றா வேறா என்று மட்டும் கேட்டது. பெயர் தேவையில்லை. முதல் வாசனையைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்தினால் போதும், நினைவுத்திறனும் சேர்ந்தே சோதிக்கப்பட்டுவிடும். பல மொழிகள் பேசும் நம் நாட்டுக்கு இதுவே பொருத்தமான பாதை என்பது என் எண்ணம்.

எச்சரிக்கையும் வேண்டும். 2013-இல் புளோரிடா ஆய்வாளர்கள், வேர்க்கடலை வெண்ணெயை ஒவ்வொரு நாசியருகேயும் பிடித்தே அல்சைமரைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே டோட்டியின் குழு திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சளி, சைனஸ், மூக்குச் சதை, புகைப்பழக்கம், தலைக்காயம், கொரோனா, வெறும் முதுமை என மோப்பம் குறையக் காரணங்கள் பல. மறதிக்கும் அப்படியே. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, வைட்டமின் பி12 குறைவு எல்லாம் டிமென்ஷியா (மறதிநோய்) போலவே தோன்றலாம். 2006-இல் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு புனே பகுதி ஆண்களிடம் நடத்திய ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவாக இருந்தது. மறதிக்கான இந்தக் காரணங்களைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும்.

வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்பினால் காப்பித்தூள், ஏலக்காய், மல்லிகை போன்ற பழகிய வாசனைகளைச் சிறு டப்பாக்களில் போட்டு, கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். கற்பூரமும் தைலமும் வேண்டாம். அவற்றின் குளிர்ச்சியும் காரமும் முகத்தின் முக்கிளை நரம்பைத் தூண்டுவதால், மோப்பம் இழந்தவரும் உணர்ந்துவிடுவார். பால் தீய்ந்தது, சாம்பார் ஊசிப்போனது, கேஸ் கசிந்தது தெரியாமல் போகிறதா என்றும் கவனியுங்கள். கேஸ் கசிவு தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு மோப்பமும் குறைந்து மறதியும் கூடினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழையுங்கள்.