நெஸ் ஏரி விலங்கும் அதன் பழமையும்

ஸ்காட்லாந்தின் வடபால் இன்வர்னஸ் நகருக்குத் தென்மேற்கே நீண்டு கிடப்பது நெஸ் ஏரி. அதன் நீளம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். அகலம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. மிக ஆழ்ந்த இடத்தில் ஆழம் 230 மீட்டர் அளவினது. சுற்றியுள்ள மேட்டுநிலத்தின் மட்கிய தாவரப்பொருள் கலத்தலின், அதன் நீர் கருமை கொண்டு, சில மீட்டருக்குக் கீழே ஒன்றும் புலப்படாவாறு இருண்டிருக்கும். இவ்வேரியில் பெருவிலங்கொன்று உறைகின்றது என்னும் கதை உலகறிந்தது. அவ்விலங்கு உண்டு என்பாரும் இல்லை என்பாரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் செய்தி ஒன்றுண்டு. இக்கதை ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையுடையது என்பதே அது. ஈண்டு யாம் ஆராயப் புகுவது அவ்வுடன்பாட்டினையே ஆகும். விலங்கின் உண்மை இன்மைகளை உயிர்நூலார் துணிக. கதையின் வயதைத் துணிதல் நூலாராய்வார் கடன்.

பழமைக்குச் சான்றாகக் காட்டப்பெறுவது ஆதம்நான் இலத்தீன் மொழியில் இயற்றிய கொலும்பா வரலாறு. கொலும்பா, 6ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தினின்றும் போந்து அயோனாத் தீவில் துறவியர் மடம் கண்ட அடியார், 597இல் மறைந்தார். ஆதம்நான் அம்மடத்தின் ஒன்பதாம் தலைவர்; 704இல் மறைந்தார். ஆகலின் அடியாரின் மறைவுக்கும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்துள்ளது. நூலுக்கும் ஏட்டுக்குமோ இடைவெளி மிகச் சிறிது. 713இல் மறைந்த தோர்பேனே என்பார் தம் கையால் எழுதிய படி இன்றும் சுவிட்சர்லாந்து நாட்டு ஷாஃப்ஹவுசன் நகரில் உள்ளது. ஆசிரியர் மறைந்து பத்தாண்டு நிரம்பாமுன் எழுதிய படியொன்று எஞ்சி நிற்றல், செல்லரித்த ஓலைகளோடு பழகிய நம்மனோர்க்கு அழுக்காறு விளைப்பதே. சொல் பிறழ்ந்தது என்று ஏட்டின்மேல் பழிபோட இங்கு இடமில்லை.

அந்நூலின் இரண்டாம் பகுதியில் இக்கதை வருகின்றது. பிக்டு இனத்தார் நாட்டில் செல்லும் கொலும்பா நெஸ் ஆற்றைக் கடக்க வேண்டியவராகின்றார். கரையில் ஒருவன் உடலைச் சிலர் அடக்கம் செய்கின்றனர். நீந்துகையில் நீர்விலங்கொன்று கடித்து மாய்த்த அவனைப் படகினர் கொக்கியால் பற்றி இழுத்தனர் என அறிகின்றார். எனினும் எதிர்க்கரையில் உள்ள தோணியைக் கொணருமாறு தம்முடன் வந்தாருள் ஒருவரை நீந்தப் பணிக்கின்றார். அடியில் கிடந்த விலங்கு நீர் கலங்குதல் அறிந்து, வாயைத் திறந்து முழக்கமிட்டு அவரை நோக்கிப் பாய்கின்றது. அடியார் கையை உயர்த்திச் சிலுவைக் குறி இட்டு, அப்பாற் செல்லற்க, அவனைத் தொடற்க என ஆணையிடக் கயிற்றால் ஈர்க்கப்பட்டாற்போல அது பின்வாங்கி ஓடுகின்றது. கண்டு நின்ற பிற சமயத்தாரும் கிறித்தவர் கடவுளைப் போற்றினர் எனக் கதை முடிகின்றது.

இப்பகுதியை உற்று நோக்குவார்க்கு முதற்கண் தோன்றுவது, நிகழ்ச்சி நடந்த இடம் ஏரி அன்று, ஆறு என்பதாம். ஏரியும் அதனின்று கடல் நோக்கிச் செல்லும் ஆறும் ஒரே பெயரின. எனவே ஆதம்நான் இரண்டையும் வேறுபாடின்றி வழங்கினார் எனச் சிலர் அமைதி கூறக்கூடும். அஃது பொருந்தாது. அதே இரண்டாம் பகுதியில், சில இயல்கள் கடந்து, ப்ரோய்கன் என்னும் மாந்திரிகன் எழுப்பிய மூடுபனியையும் எதிர்க்காற்றையும் வென்று கொலும்பா கலம் செலுத்திய செய்தி வருகின்றது. ஆண்டு ஆதம்நான் நெஸ் ஆற்றின் நீண்ட ஏரி என்றே தெளிவுறக் குறிக்கின்றார். எனவே அவர் இரண்டன் வேறுபாட்டையும் நன்கறிந்தவர். மேலும், கொலும்பா அவ்வேரியின்மேலேயே கலம் ஊர்ந்தபோது விலங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கரையில் திரண்டோர் அஞ்சியதாகவோ மாந்திரிகன் அதனை ஏவியதாகவோ குறிப்பில்லை. ஏரிக்கண் கொடுவிலங்கு உறைகின்றது என்னும் வழக்கு ஆசிரியர்க்குத் தெரிந்திருப்பின், அற்புதம் தேடும் அவர் அதனை விட்டிருப்பாரோ? இச்செய்தியைப் பழமை பேசுவோர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவதில்லை. கதைக்கு வேண்டிய ஓர் இயலை மட்டும் கிழித்தெடுத்துப் படித்தல் இதற்குக் காரணமாகலாம்.

கிழித்தெடுக்காது முன்பின் சேர்த்துப் படிப்பின் வேறொன்றும் விளங்கும். இதற்கு முந்திய இயலில் ஸ்கை தீவில் காட்டுப்பன்றி ஒன்று அடியாரின் சொல்லால் வீழ்ந்து மடிகின்றது. பிந்திய இயலில் அயோனாத் தீவின் பாம்புகள் அவர் வாழ்த்தால் தீங்கு செய்யும் ஆற்றல் இழக்கின்றன. பன்றி, நீர்விலங்கு, பாம்பு என மூன்றும் ஒரு நிரலாக அமைந்தவை. கொடிய உயிர்கள் அருளாளர்க்கு அடங்கும் என்பதைக் காட்டுதலே ஆசிரியரின் கருத்து. ஸ்கை தீவில் அரிய பன்றியினம் ஒன்று வாழ்ந்தது என்று இதனைக் கொண்டு எவரும் வாதிடவில்லை. இடையில் நின்ற ஒன்றுக்கு மட்டும் ஏன் அத்துணைப் பேறு?

மொழிபெயர்ப்பும் ஒருவாறு காரணமாம். ஆதம்நான் ஆளும் சொல் அக்வாடிலிஸ் பெஸ்டியா என்பது. நீர்வாழ் விலங்கு என்னும் அளவே அதன் பொருள். ஆங்கிலத்தில் அதனை மான்ஸ்டர் என்று பெயர்த்தோர், பின்வந்த செய்தித்தாளின் சொல்லை அவர் வாயிற் பெய்தனர். தமிழில் பெயர்ப்பாரும் பூதவிலங்கு, அரக்கவிலங்கு என எழுதாது அமைதல் வேண்டும். முதலை, இடங்கர், கராம் எனக் குறிஞ்சிப்பாட்டு நீர்வாழ் கொடுவிலங்குகளை வேறுபட எண்ணும். அங்ஙனம் பெயர் சுட்டும் விருப்பம் ஆதம்நானிடம் இல்லை என்பதே குறிக்கத்தக்கது.

ஆதம்நானுக்குப் பின் நெடுங்காலம் ஏட்டளவில் அமைதி நிலவுகின்றது. 1773இல் அறிஞர் ஜான்சனும் பாஸ்வெல்லும் இவ்வேரிக்கரை வழியே குதிரையேறிச் சென்றனர். ஏரியின் ஆழத்தையும் அது பனிக்காலத்தும் உறையாமையையும் பற்றிக் கேட்டறிந்து எழுதும் ஜான்சன் விலங்கைப் பற்றி ஒன்றும் எழுதினாரில்லை. 1822இல் திறக்கப்பெற்ற கலிடோனியக் கால்வாய் இவ்வேரியைக் கலம் செல் வழியாக்கியது. எனினும் உலகறிந்த கதை அப்போதும் எழவில்லை. நாட்டுப்புறத்தார் வழங்கியது கெல்பி என்னும் நீர்க்குதிரைக் கதையே. அழகிய குதிரையாய்க் கரையில் நின்று, ஏறியவரை ஒட்டிப் பிடித்து நீருள் இழுத்துச் செல்வது கெல்பி. மனித உருவும் கொள்ளும். அது நெஸ் ஏரிக்கே உரியதன்று. அந்நாட்டின் பல நீர்நிலைகட்கும் பொதுவானது. குழவியரை ஆழ்நீரினின்று விலக்கி வைக்கும் பயன் அக்கதைக்கு இருந்தது போலும்.

இவ்விரண்டையும் ஒன்றாக்கியது 1933. அவ்வாண்டு மே 2ஆம் நாள் இன்வர்னஸ் கூரியர் இதழில் ஒரு செய்தி வெளிவந்தது. கணவனும் மனைவியும் ஏரியில் திமிங்கிலம் போன்ற உடலொன்று புரளக் கண்டனர் என்பது அது. அச்செய்தியின் தொடக்கமே, இவ்வேரி தலைமுறை தலைமுறையாக அச்சந்தரும் பூதவிலங்கின் உறைவிடமாகப் பேசப்படுவது என்று கூறி, அதுவே கெல்பி எனவும் இயைத்துவிடுகின்றது. புதுக்கதை பிறந்த அன்றே அதற்குப் பழமையும் உடன் பிறந்தது என்க. ஆதம்நானின் இயல் இவ்விலங்குக்குச் சான்றாகப் புகழ்பெற்றது இதன் பின்னரேயாம்.

விலங்கின் வடிவமும் அவ்வாண்டிலேயே மாறியது. மே மாதச் செய்தியில் கழுத்து இல்லை. ஆகஸ்டு மாதம் வெளிவந்த மற்றொரு செய்தியில் நீண்ட கழுத்துடைய விலங்கு சாலையைக் கடக்கின்றது. நீருள்ளிருந்து நெடுங்கழுத்து விலங்கு எழும் காட்சியையுடைய கிங்காங் திரைப்படம் அவ்வாண்டில் வெளிவந்தமையை ஆராய்ச்சியாளர் சிலர் சுட்டுவர், அஃது எண்ணத்தக்கதே. அவ்வாண்டு டிசம்பரில் கரையில் கண்டெடுத்ததாகக் கூறப்பெற்ற அடிச்சுவடுகள் நீர்யானைக் கால் ஒன்றால் பதிக்கப்பெற்றவை எனத் தெளிந்தன. 1934 ஏப்ரலில் டெய்லி மெயில் இதழ் வெளியிட்ட புகழ்பெற்ற நிழற்படம், விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலின்மேல் பொருத்திய உருவம் என்பது 1994இல் வெளிப்பட்டது. 2018இல் ஏரிநீரினின்று எடுத்த மரபணுக் கூறுகளை ஆராய்ந்தோர், ஊர்வன இனத்தின் சுவடு யாதும் கண்டிலர். விலாங்கு மீனின் கூறுகளே மிகுதியாகக் கிட்டின என 2019இல் அறிவித்தனர்.

பிற்காலத்தது ஒன்று தனக்குமுன் எழுந்த நூலைத் தேடிச் சென்று அதனைத் தன் முன்னோர் ஆக்கிக்கொள்ளுதல் இலக்கிய வரலாற்றில் புதிதன்று. முச்சங்க வரலாறு முழுமையாக முதற்கண் காணப்படுவது இறையனார் களவியல் உரையிலேயே என்பதை அறிந்தும், அவ்வுரைக்கு முற்பட்ட நூற்சொற்களுக்கு அவ்வுரையின் கண்கொண்டே பொருள் காண முயல்வாரை நாம் அறிவோம். எம் வகுப்பு மாணாக்கர்க்கு ஆதம்நானின் இயலையும் கூரியர் செய்தியையும் அருகருகே வைத்துப் படிக்கக் கொடுத்துள்ளோம். முன்னது கண்டு பின்னது எழவில்லை, பின்னது கண்டே முன்னது பொருள் மாறிற்று என்பதை அவர்கள் எளிதில் உணர்ந்தனர். ஆயின் அவருள் ஒருவர், வழிகாட்டி நூல்கள் பலவும் கூறும் 565ஆம் ஆண்டு என்னும் கணக்கு ஏட்டில் எங்குள்ளது என வினவினார். அவ்வியலில் ஆண்டெண் யாதும் இல்லை. கொலும்பா அந்நாட்டில் வாழ்ந்த காலம் பற்றிப் பின்னோர் உய்த்துணர்ந்து வைத்த எண் அது.