11 பேர் மட்டும் போதுமா?
காஞ்சிபுரத்துக் கிரிக்கெட் ரசிகர்களின் ஆசையும் ஆதங்கமும்

கிரிக்கெட் பந்தயத்தில் மைதானத்தில் இறங்குகிறவர்கள் 11 பேர். ஆனால் கோப்பையை வாங்கித் தருகிறவர்கள் அந்த 11 பேர் மட்டும் அல்ல. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 12-வது, 13-வது, 14-வது ஆட்டக்காரர்களும்தான்!

இதைக் காஞ்சிபுரத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்று ஆள் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்பது பட்டுத்தறியோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தோற்கும்போது, காஞ்சி ரசிகர்கள், "ஆடியவர்கள் சரியாக ஆடவில்லை" என்று மட்டும் குறை சொல்வதில்லை. "அடுத்த ஆளைத் தயாராக வைத்திருக்கவில்லையே!" என்று ஆதங்கப்படுகிறார்கள்.

பங்குனியும் பந்தயமும்

கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற ஊர் காஞ்சிபுரம். சென்னையிலிருந்து உத்தேசம் 75 கிலோமீட்டர் தூரம். சென்னை அணியைச் சொந்த அணியாகவே இந்த ஊர் நினைக்கிறது.

ஐ.பி.எல். பந்தயங்கள் மார்ச் மாதக் கடைசியில் தொடங்கும். ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனித் திருவிழா நடப்பதும் அந்தச் சமயத்தில்தான். அடுத்து வருவது சித்திரை, வைகாசிக் கல்யாண காலம். தறிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

நெசவுக் கூலி மாதச் சம்பளம் அல்ல. நெய்தால்தான் காசு. மாலை ஏழரை மணிக்குப் பந்தயம் பார்க்க உட்காருகிற நெசவாளர், அந்த நேரத்துக் கூலியைக் கொடுத்துத்தான் பந்தயத்தைப் பார்க்கிறார். டிக்கெட் வாங்காவிட்டாலும் அவர் பார்ப்பது இலவசப் பந்தயம் அல்ல!

அப்படிப் பார்ப்பவருக்கு அணியைக் குறை சொல்லவும் உரிமை உண்டு அல்லவா?

மாற்று ஆட்டக்காரர் என்றால் யார்?

கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை.

ஓர் ஐ.பி.எல். அணி 18 பேர் முதல் 25 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு பந்தயத்தில் இறங்கும் 11 பேரில் பொதுவாக 4 வெளிநாட்டவர் வரை ஆடலாம்.

2023-ல் ஒரு புது விதி வந்தது. பந்தயத்தின் நடுவே ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, முன்கூட்டியே பெயர் கொடுத்த 5 பேரில் ஒருவரை உள்ளே கொண்டுவரலாம். இதனால் வெளியே இருப்பவரின் மதிப்பு இன்னும் கூடியது.

பருவம் இரண்டு மாதம் நீளும். கோடை வெயில் வேறு. ஒருவருக்குக் கை முறியும். ஒருவருக்குக் கால் பிசகும். ஒருவருக்கு ஆட்டமே வராமல் போகும். அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவர் யார்? அவர் தயாராக இருக்கிறாரா? இதுதான் கேள்வி.

அடுத்தடுத்து 5 தோல்வி!

இந்தக் கேள்வி ரசிகர்களை வாட்டி எடுத்த வருடம் 2025.

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மார்ச் 23-ந் தேதி சேப்பாக்கம் மைதானத்தில் மும்பை அணியைச் சென்னை வென்றது. நூர் அகமது 4 விக்கெட் எடுத்தார். ரச்சின் ரவீந்திரா 65 ரன் எடுத்து, ஆட்டம் இழக்காமல் நின்றார். விசில் சத்தம் வானைப் பிளந்தது.

பிறகு வந்தது சோதனை.

மார்ச் 28-ந் தேதி பெங்களூர் அணியிடம் 50 ரன் வித்தியாசத்தில் தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை! மார்ச் 30-ந் தேதி கவுகாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. ஏப்ரல் 5-ந் தேதி டெல்லியிடம் தோல்வி. ஏப்ரல் 8-ந் தேதி பஞ்சாபிடம் தோல்வி.

தோல்வியோடு போகவில்லை. கவுகாத்தியில் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு முழங்கையில் பந்து பட்டிருந்தது. எலும்பில் முறிவு என்று தெரிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியாமல் போயிற்று. 43 வயதான தோனி மறுபடியும் கேப்டன் ஆனார்.

"தல வந்துவிட்டார், இனிமேல் கவலை இல்லை" என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

ஆனால் ஏப்ரல் 11-ந் தேதி நடந்தது என்ன? சொந்த மைதானத்தில், கொல்கத்தாவுக்கு எதிராக, 20 ஓவரில் வெறும் 103 ரன்! கொல்கத்தா 10.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துவிட்டது. அடுத்தடுத்து 5 தோல்வி. சென்னை அணியின் சரித்திரத்திலேயே இப்படி நடந்தது இல்லை.

மூன்று குறைகள்

ரசிகர்கள் சொன்ன குறைகள் பல. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முக்கியமானவை மூன்று.

முதல் குறை: தோல்விமேல் தோல்வி வந்தபோதும், ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என்று அனுபவசாலிகளையே மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். அவர்கள் முன்பு நன்றாக ஆடியவர்கள்தான். ஆனால் 20 ஓவர் ஆட்டத்தின் வேகம் வருடத்துக்கு வருடம் கூடிவருகிறதே! ஏப்ரல் 5-ந் தேதி 184 ரன் தேவைப்பட்ட ஆட்டத்தில், விஜய் சங்கர் 69 ரன் எடுக்க 54 பந்து பிடித்தது. விக்கெட் போகவில்லை. வெற்றிதான் போயிற்று.

இரண்டாவது குறை: இளைஞர்களைப் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். ஷேக் ரஷீத் என்ற இளைஞருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது ஏப்ரல் 14-ந் தேதிதான். லக்னோவில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 19 பந்தில் 27 ரன் எடுத்தார். அன்றைக்குச் சென்னை ஜெயித்தது. "ஏம்பா, இந்தப் பையனை முன்னாடியே இறக்கியிருக்கக் கூடாதா?" என்று டீக்கடை பெஞ்சுகள் கேட்டன.

மூன்றாவது குறை: தமிழ்நாட்டுப் பையன்கள் வேறு ஊர் அணிகளில் பிரகாசிக்கிறார்கள். குஜராத் அணியில் ஆடிய சாய் சுதர்சன், 2025-ல் 759 ரன் எடுத்து, அந்தப் பருவத்திலேயே அதிக ரன் எடுத்தவர் என்ற பெருமையைப் பெற்றார். சென்னை 103 ரன்னில் முடங்கிய அன்று, கொல்கத்தாவுக்காகப் பந்து வீசி விக்கெட் எடுத்தவர்களில் ஒருவர் வருண் சக்கரவர்த்தி. அவரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்தான்!

"வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டில் விளக்கேற்றுகிறான்" என்றால் யாருக்குத்தான் மனம் கேட்கும்?

காஞ்சிபுரத்துக்கு இதில் இன்னொரு சிறு வருத்தமும் உண்டு. தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் 2018, 2019 வருடங்களில் 'காஞ்சி வீரன்ஸ்' என்று ஊர்ப் பெயரோடு ஓர் அணி ஆடியது. பிறகு அந்தப் பெயர் போய்விட்டது.

பட்டியலில் இல்லாதவர்கள்!

இனி நடந்ததுதான் வேடிக்கை.

ஆட்கள் காயப்பட்டதால், வெளியிலிருந்து புது ஆட்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ருதுராஜுக்குப் பதிலாக வந்தவர் ஆயுஷ் மாத்ரே. மும்பைப் பையன். வயது 17! ஏப்ரல் 20-ந் தேதி முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32 ரன் அடித்தார். மே 3-ந் தேதி பெங்களூரில் 48 பந்தில் 94 ரன். அந்தப் பந்தயத்தில் சென்னை 2 ரன்னில் தோற்றது. ஆனாலும் ரசிகர்கள் பல வாரங்களுக்குப் பிறகு தலை நிமிர்ந்து தூங்கப்போனார்கள்.

பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக வந்தவர் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிவால்ட் பிரெவிஸ். 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவரே 6 ஆட்டங்களில் 225 ரன் குவித்தார். வன்ஷ் பேடிக்குப் பதிலாக வந்த உர்வில் பட்டேல், கொல்கத்தாவில் 11 பந்தில் 31 ரன் அடித்தார்.

இந்த மூன்று பேரில் ஒருவர்கூடப் பருவத் தொடக்கத்தில் அணிப் பட்டியலில் இல்லை!

மே 25-ந் தேதி, கடைசிப் பந்தயம். குஜராத்துக்கு எதிராக 230 ரன் குவித்து, 83 ரன் வித்தியாசத்தில் சென்னை ஜெயித்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. 14 பந்தயங்களில் 4 வெற்றி, 10 தோல்வி. முதல் தடவையாகப் பட்டியலில் கடைசி இடம்.

அடிபட்ட பிறகு ஆள் தேடினால் இதுதான் கதி.

தறி சொல்லும் பாடம்

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

காஞ்சிப் பட்டில் 'கோர்வை' என்று ஒரு வேலை உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை பிணைய வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக 3 நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்கு இருப்பதோ இரண்டு கை! ஆகவே பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும்.

அந்தத் துணை ஆள் வராத நாளில், எவ்வளவு பெரிய கைகாரராக இருந்தாலும் கோர்வைச் சேலையை வழக்கம்போல் நெய்ய முடியாது. தறி மௌனமாகிவிடும்.

துணைக்கு உட்கார்ந்தவர்தான் வேலையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, நாளைக்குத் தறியில் அமர்கிறார். அதாவது, முதல் கை பலமாக இருக்கும்போதே இரண்டாவது கை தயாராகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தறியில் பழைய பாவு முடியும்போது அதை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். பழைய பாவின் நுனிகளில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். பழையது இருந்தால்தான் புதியது சுலபமாக உள்ளே வரும். பழையது அறுந்த பிறகு புதியதைக் கோர்ப்பது எத்தனை சிரமம் என்று தறிக்காரரைக் கேட்டால் சொல்வார்!

கோயிலிலும் இதே கதைதான். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு எழுந்தருளும்போது, தோள் கொடுப்பவர்கள் மாறி மாறித்தான் கொடுக்கிறார்கள். ஒரு தோள் களைக்கும் முன்பே அடுத்த தோள் பக்கத்தில் வந்து நிற்கும். களைத்து விழுந்த பிறகு ஆள் தேடுவது இல்லை.

அணிக்கும் இதுவே பாடம். அனுபவசாலிகளை விரட்ட வேண்டியது இல்லை. அவர்கள் நன்றாக ஆடுகிற காலத்திலேயே, பக்கத்தில் இளைஞர்களையும் ஆடவிட வேண்டும்.

நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்?

ரசிகர்களின் நம்பிக்கை வெறும் ஆசை அல்ல. பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

2020-ல் சென்னை அணி 7-வது இடத்துக்குப் போயிற்று. அந்தப் பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைசதம் அடித்தவர், அப்போது புதுமுகமாக இருந்த ருதுராஜ். அடுத்த வருடம் அவரே 635 ரன் எடுத்தார். சென்னை கோப்பையை வென்றது. 2022-ல் 9-வது இடம். 2023-ல் மறுபடியும் கோப்பை! 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளை வாங்கிய அணி அது.

2025-ல் வாங்கிய அடியை நிர்வாகமும் மறக்கவில்லை. அந்த நவம்பரில், நீண்ட காலம் ஆடிய ரவீந்திர ஜடேஜாவையும், சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் 16-ந் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. ஒருவருக்கு வயது 20, மற்றவருக்கு 19. இருவருக்கும் ஏலத்தின் தொடக்க விலை 30 லட்சம்தான்!

ஜடேஜா போனதில் பலருக்குக் கண் கலங்கியது. 2023 இறுதிப் பந்தயத்தில், கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அல்லவா? "இளைஞர் வேண்டும் என்றோம், ஜடேஜா போகவேண்டும் என்றா சொன்னோம்?" என்று கேட்டவர்கள் உண்டு. ரசிகர் மனம் அப்படித்தான்!

கோடி ரூபாய் கொடுத்து வாங்கினால் போதாது. பெஞ்சில் உட்கார வைத்தால் தங்கமும் கறுத்துப் போகும். பருவத்தின் முதல் நான்கைந்து ஆட்டங்களிலேயே இளைஞர்களைக் களத்தில் இறக்கி, தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோர்வைக்கு உட்கார்ந்த முதல் நாளிலேயே நாடா தவறாமல் போட்டவர் எவரும் காஞ்சியில் இல்லை.

தறியின் பெஞ்சு

கிரிக்கெட்டுக்காவது கோடி ரூபாய் ஏலம் இருக்கிறது. ஆள் குறைந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கொண்டுவரலாம். தறிக்கு அந்த வசதி இல்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர், நிச்சயமான மாதச் சம்பளத்தை நாடி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தறியில் துணைக்கு உட்கார ஆள் குறைந்துவருகிறது.

சென்னை அணிக்கு அடுத்த ஆள் எங்கே என்று தேடும் காஞ்சிபுரம், தன் தறிக்கு அடுத்த ஆள் எங்கே என்றும் தேடுகிறது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு நல்ல கூலியும், கற்றுக்கொடுக்கப் பொறுமையும், சரியான நேரத்தில் ஒரு வாய்ப்பும்!

அடுத்தவனுக்கு இடம் கொடுக்கிற அணிதான் ஜெயிக்கும். அடுத்தவனுக்கு இடம் கொடுக்கிற தொழில்தான் நிலைக்கும்.