புது வீட்டுக்கு மறு பூச்சு

வீடு கட்டி ஓர் ஆண்டுதான் ஆகிறது. அதற்குள் மறுபடியும் வர்ணம் பூசுவதா என்று வியப்பவர் பலர். பூசத்தான் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால், முதற் பூச்சுக்கு அதிகப் பணம் செலவிட வேண்டாம் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் ஓட்டு வீடுகள் பல மாடி வீடுகளாக மாறியிருக்கின்றன. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டால், கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கிய கையோடு வர்ணக்காரர் ஏறிவிடுகிறார். சுவர் உலர்ந்ததா என்று கேட்பார் இல்லை. பந்துக்கள் வரும் தினத்தில் வீடு பளபளவென்று விளங்குகிறது. ஐப்பசி மழை வந்து போனதும் கொப்புளங்கள் கிளம்புகின்றன. வெள்ளை உப்புப் பூக்கிறது. வர்ணம் செதில் செதிலாக உரிகிறது. பழி வர்ணக்காரர் தலையில் விழுகிறது. உண்மைக் குற்றவாளி நமது அவசரமே.

காரணம் எளியது. சிமெண்டுக் கலவை 28 நாட்களில் போதிய வலிமை பெறுகிறது. ஆனால் அதிலுள்ள நீர் முழுவதும் வெளியேறப் பல மாதங்கள் ஆகலாம். வெளியேறும் நீர் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டு வருகிறது. புதுச் சாந்திலுள்ள காரமோ எண்ணெய் வர்ணத்தோடு கலந்து அதைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடுகிறது. இத்துடன், சாந்து உலர்ந்து சுருங்கும்போது மயிரிழை போன்ற வெடிப்புகளும் தோன்றுகின்றன. ஈரச் சுவரின்மேல் பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசுவது, கொதிக்கும் பானையை மூடி அதன் வாயைக் கட்டுவது போன்றதாகும்.

தறி உள்ள வீட்டில் இது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. பட்டு நூல் காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். வெள்ளிச் சரிகை ஈரத்தில் விரைவாகக் கறுக்கும். உலராத சுவர் தொழிலுக்கே நஷ்டம்.

ஆகையால், முதல் ஆண்டுக்குச் சுண்ணாம்பு வெள்ளையே சிலாக்கியம். நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி கல்லாக இறுகுகிறது. அதன் நுண்துளைகளின் வழியே சுவர் தன் ஈரத்தை வெளியேற்றும். செலவும் சொற்பம். ஒரு மழைக்காலம் கழியட்டும். எங்கே ஒழுகுகிறது, எங்கே வெடிக்கிறது என்பதை வீடே காட்டிவிடும். அவற்றைச் செப்பனிட்டு, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டு, பட்டி பார்த்து, மாசி பங்குனி வெயிலில் நல்ல வர்ணம் பூசலாம். அதற்கு முன் ஒரு சோதனை உண்டு: பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டும். காலையில் அதன் உட்புறம் நீர் துளிர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

மறு பூச்சு புதுச் சுவருக்கு மருந்து. புராதனச் சுவருக்கு அதுவே ஆபத்தாகலாம். இதற்குச் சான்றும் காஞ்சியிலேயே இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், பிற்காலத்தார் பூசிய சுதையின் கீழ்ப் பல மணற்கல் சிற்பங்களின் அசல் உளிவேலை மறைந்துபோயிற்று. அக்கோயிலின் சிற்றறைகளில் எஞ்சியிருந்த பல்லவர் ஓவியச் சிதைவுகளை, 1931-ல் ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். பூசுமுன் சுவரைப் பார்க்க வேண்டும் என்னும் விதி கோயிலுக்கும் வீட்டுக்கும் ஒன்றே.

கிருகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் ஒரு வேளை விருந்துண்டு போய்விடுவார்கள். அந்தச் சுவரோடு குடியிருக்கப் போகிறவர் நீங்கள்தாம்.