கருவில் உருவான ஹீமோகுளோபின் காப்பாற்றுவது எப்படி?

அரிவாள் செல் ரத்தசோகையோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் சில மாதங்கள் பெரும்பாலும் தொல்லை இருப்பதில்லை. ஏன்? 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜேனட் வாட்சன் காரணத்தைச் சரியாக ஊகித்தார்: கருப்பையில் உருவான ஹீமோகுளோபின் அப்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது.

நோயின் வேர் மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் பகுதியான பீட்டா குளோபின் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆக்ஸிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீள்கின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. எலும்பைப் பிளக்கும் வலி அதனால்தான். கரு ஹீமோகுளோபின் இந்தக் கோர்வையை நீளவிடாது. ஆனால் பிறந்தபின் பிசிஎல்11ஏ என்ற மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிடுகிறது.

2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை அந்தப் பிடியைத்தான் தளர்த்துகிறது. நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, சிவப்பணுக்களில் பிசிஎல்11ஏவைத் தூண்டும் டிஎன்ஏ பகுதியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு வெட்டுகிறார்கள். பீட்டா குளோபின் மரபணுவில் உள்ள பிழையைத் தொடுவதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பிறகு கடும் கீமோதெரபியால் பழைய மஜ்ஜையை அழித்து, திருத்திய அணுக்களை ஏற்றுகிறார்கள்.

அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952இலேயே தெரிந்துவிட்டது. அவர்களுக்கு எட்டக்கூடியது ஹைட்ராக்ஸியூரியா. அதுவும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டும் மருந்துதான். தினமும் தவறாமல் சாப்பிட்டால் வலி வருவது குறையும். ஆகவே மலைக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அது ஒருநாளும் தீரக்கூடாது.