கொடிமரம் இல்லாத பிராகாரம்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் காலணிகளோடு கைப்பேசியையும் வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்த பிறகு, பாதுகாப்பைக் கருதி நீதிமன்ற ஆணையின்படி வந்த ஏற்பாடு இது. அன்றாடம் காலையில் கைப்பேசியைக் கொடுத்து டோக்கன் பெற்றுக்கொள்ளும் வரிசையைக் கடந்து, வெறுங்கையுடன் நேரே உள்ளே செல்லும் அம்மையார் ஒருவர் உண்டு. மேல மாசி வீதிப் பக்கம் குடியிருப்பவர். தமிழாசிரியையாகப் பணியாற்றி 2015இல் ஓய்வு பெற்றவர். அவரிடம் கைப்பேசி இல்லாமல் இல்லை. அது வீட்டில், பூஜை அறைக்கு வெளியே இருக்கும் மர அலமாரியில் இருக்கிறது.

இந்த நிலைக்கு வந்து சேர அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

2016இல் மகன் வெளிநாட்டுக்குப் பணிக்குச் சென்றபோது தாயின் கையில் ஒரு நல்ல கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, இணையத்தின் விலை நாடெங்கும் சரிந்தது. அதுவரை வாரம் ஒருமுறை கேட்ட மகனின் குரலோடு இப்போது தினந்தோறும் முகமும் வந்தது. பேரன் தவழ்ந்ததையும் முதல் அடி வைத்ததையும் பாட்டி மதுரையில் இருந்தபடியே கண்டார். இந்த நன்மையை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

பிறகு ஃபேஸ்புக் வந்தது. பொற்றாமரைக் குளத்தின் தென்கரைப் படிகளில் நின்றால் நீருக்கு அப்பால் தங்க விமானங்கள் தெரியும். அந்தக் காட்சியை ஒருநாள் படம் எடுத்துப் பதிவிட்டார். பழைய மாணவியர் பலர் விருப்பக் குறி இட்டனர். துபாயில் இருந்த ஒருத்தி, அந்தப் படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டதாக எழுதினாள். மறுநாளும் படம் எடுத்தார். அதற்கு மறுநாளும் எடுத்தார். சில மாதங்களில் கோயிலுக்குள் நுழைந்ததும் கால்கள் சந்நிதிக்குப் போவதற்கு முன் குளக்கரைக்கே போயின. முக்குறுணிப் பிள்ளையார் முன்பு தோப்புக்கரணம் போடும் வேளையில், முந்தைய நாள் படத்துக்கு எத்தனை விருப்பம் வந்திருக்கும் என்று மனம் எண்ணிக்கொண்டிருந்தது. 2018இல் கைப்பேசிக்குத் தடை வந்தபோது, கோயிலில் அதிகமாகக் குறைபட்டுக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். அப்போது அதை இவர் தம் பக்திக்கு விழுந்த தடையாகவே கருதினார்.

அந்தத் தடையால் இவர் திருந்திவிடவில்லை. உள்ளே படம் எடுக்க முடியாததால் வெளியே நின்று கோபுரங்களைப் படம் எடுத்தார். வீட்டில் இருக்கும் வேளையில் வாட்ஸ்அப்பில் மூழ்கினார். கோயில் பாராயணக் குழு, தெருக் குழு, உறவினர் குழு, பழைய ஆசிரியர் குழு என்று ஒன்பது குழுக்கள். காலை வணக்கப் படங்கள், திருத்தலக் கதைகள், கைமருந்துக் குறிப்புகள். அஞ்சலட்டைக் காலத்தை அறிந்த வாசகர்களுக்கு இவற்றுள் ஒரு வகை புதிதன்று. இன்ன தெய்வத்தின் பெயரால் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை விளையும், அனுப்பாமல் விட்டால் கேடு சூழும் என்ற கடிதங்கள் அன்றும் வந்தன. ஆனால் இருபது அட்டைகளை எழுத ஒரு மாலைப் பொழுது வேண்டும், அட்டைக்குக் காசு வேண்டும். கை வலிக்கும்போது, இது மெய்தானா என்று கேட்டுப் பார்க்க மனத்துக்கு நேரம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் அந்த நேரமே இல்லாமற்போயிற்று.

அதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதைத் தமிழகம் 2018 மே மாதத்தில் கண்டது. குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே உள்ள கிராமத்துக்கு உறவினரோடு சென்ற முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் வந்திருக்கிறது என்று கைப்பேசிகளில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கும்பல் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் அந்த ஜூலையில் இந்தியாவுக்குக் கட்டுப்பாடு அறிவித்தது.

ஒன்பது குழுக்கள் வைத்திருந்த அம்மையாருக்கு ஐந்து என்ற வரம்பு சிறு எரிச்சலைத் தந்தது. ஐந்து ஐந்தாக இருமுறை அனுப்பினார்.

அப்படி அனுப்பியவற்றுள் ஒன்று, சித்தர் ஒருவரின் படத்தோடு வந்த மருந்துக் குறிப்பு. ஒரு பொடியை ஒரு மண்டலம் உண்டால் சர்க்கரை நோய் அறவே நீங்கும், மாத்திரை வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. நல்லது என்று நினைத்துத்தான் அனுப்பினார். பாராயணக் குழுவில் உடன் பாடும் தோழி அதன்படி மாத்திரைகளை நிறுத்திவிட்டார். மூன்றாம் மாதம் காலில் ஒரு புண், அது ஆறவில்லை. மருத்துவமனையில் வலக் காலின் விரல் ஒன்றை எடுக்க நேர்ந்தது. பார்க்கச் சென்ற அம்மையாரிடம் தோழி கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வேற யாரும் அனுப்பியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீங்க அனுப்புனதுனாலதான் நம்புனேன், டீச்சர்" என்று மட்டும் சொன்னார். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்று ஈட்டிய நம்பிக்கை, யாரோ எழுதிய பொய்க்கு முத்திரையாகப் பயன்பட்டுவிட்டது.

அன்று இரவே எட்டுக் குழுக்களிலிருந்து விலகினார். பாராயணக் குழுவை மட்டும் வைத்துக்கொண்டார். வந்த செய்தியை அனுப்புவதை அடியோடு நிறுத்தினார். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. அடுத்த இழப்பு அந்த வழியாக வந்தது.

2019 ஜூலை முதல் நாள், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதர் அடியார்களுக்குக் காட்சி தரத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, நாற்பத்தெட்டு நாள்கள். முன்னர் 1979இல் அவர் வெளிவந்தபோது அம்மையாரின் தாயார் மதுரையிலிருந்து இரயிலேறிச் சென்று தரிசித்துத் திரும்பினார். கல்லூரிப் படிப்பை முடித்திருந்த மகளை உடன் அழைத்துச் செல்ல இயலாமற்போனது அவருக்குக் குறையாகவே இருந்தது. "அடுத்த தடவை நீ போய்ப் பார்த்துரு" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்த தடவை வந்தது. நாளும் பொழுதும் விடியும் முன்பே கைப்பேசியில் அன்றைய அலங்காரம் வந்து சேர்ந்தது. இன்று மஞ்சள் பட்டு, நாளை இளஞ்சிவப்பு, மறுநாள் நீலம். அம்மையார் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூடவே கூட்டத்தின் காட்சிகளும் வந்தன. பல மணி நேர வரிசை, நெரிசலில் சிலர் உயிரிழந்த செய்தி. கணவருக்கு மூட்டு வலி. கூட்டம் குறையட்டும், சயனக் கோலம் முடிந்து நின்ற கோலத்தில் பார்க்கலாம் என்று நாள் தள்ளினார். ஆகஸ்டு முதல் நாள் நின்ற கோலமும் வந்தது. படங்களும் வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் தரிசித்ததாகச் சொல்லப்பட்ட அந்த வைபவம் ஆகஸ்டு 17ஆம் நாள் நிறைவெய்தியது. வரதர் மீண்டும் நீருக்குள் எழுந்தருளினார்.

மறுநாள் காலை கைப்பேசியில் அலங்காரப் படம் வரவில்லை. அப்போதுதான் தாம் காஞ்சிக்குச் செல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. வசதி இருந்தது, உடலில் வலுவும் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததால் பார்த்துவிட்டதாக மனம் நம்பிவிட்டது. அடுத்த சேவை 2059இல். அப்போது அவருக்கு வயது நூற்றிரண்டு.

திரையில் விரலால் தள்ளத் தள்ள முடிவின்றிப் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். அதன் விளைவுகளைக் கண்டு அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். நம் முன்னோர் வகுத்த பிராகாரத்தை எத்தனை முறை சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொடிமரம் வந்துவிடும். அங்கே நிற்கலாம், வணங்கலாம், வீடு திரும்பலாம். திரைக்குள் அப்படி ஒரு கொடிமரத்தை எவரும் நடவில்லை. நட்டால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். அவருடைய கவனத்தை விளம்பரதாரருக்கு விற்று நடக்கும் வணிகம் என்னாவது? அம்மையார் திருவண்ணாமலை கிரிவலக் காட்சி ஒன்றைப் பார்த்தால் அடுத்துப் பரிகார விளம்பரம் வந்தது. சனிப்பெயர்ச்சி உரை ஒன்றைக் கேட்டால் இராசிக் கற்கள் விற்பனைக்கு வந்தன. மீனைப்போல் கண்ணால் நோக்கியே உயிர்களைக் காப்பவள் என்று மீனாட்சியின் திருநாமத்துக்குப் பெரியோர் பொருள் சொல்வதுண்டு. அம்மையாரைக் கண் இமைக்காமல் நோக்கிக்கொண்டிருந்த வேறொன்றும் இருந்தது. அதன் நோக்கம் காப்பதன்று.

கைப்பேசியையே விட்டொழிக்க அவர் எண்ணிய வேளையில் 2020 வந்தது. நோய்த் தொற்றால் கோயில்கள் அடைக்கப்பட்டன. மே 4ஆம் நாள் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் அடியார் ஒருவரும் இன்றி, சிவாச்சாரியார்கள் சிலர் மட்டும் இருக்க நடைபெற்று இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. திருமாங்கல்ய தாரண வேளையில் சுமங்கலிகள் தம் மங்கல நாணை மாற்றிக்கொள்வது மதுரையின் மரபு. அம்மையார் குத்துவிளக்கின் அடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தார். நாதசுரம் உயர்ந்தபோது கணவர் முன்னிலையில் நாண் மாற்றிக்கொண்டார். அதே கணத்தில் கடல் கடந்த வீட்டில் மருமகளும் மாற்றிக்கொண்டாள். முந்தைய ஆண்டு காஞ்சியிலிருந்து தம்மைத் தடுத்த அதே திரை, அந்த ஆண்டு திருக்கல்யாணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டில் எது அதன் இயல்பு என்று அவரைக் கேட்டால், "போக முடியாதப்போ அது வழி, போக முடியுறப்போ அது சுவர்" என்கிறார்.

அதன் பிறகு செய்தவை எளியவை. ஃபேஸ்புக்கைக் கைப்பேசியிலிருந்து நீக்கினார். வாட்ஸ்அப்பை மகனுடன் பேசவும் பாராயணக் குழுவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டார். மணியோசைகளையும் அறிவிப்புகளையும் அடக்கினார். முதல் பத்து நாள்கள் கை தானாக அலமாரிப் பக்கம் போயிற்று என்று சிரித்தபடி ஒப்புக்கொள்கிறார். இரவு உறக்கம் வராமல் எழுந்து சென்று எடுத்த நாள்களும் உண்டாம்.

இணையம் முழுவதுமே கடைவீதி அன்று என்பதையும் அக்காலத்தில்தான் கண்டுகொண்டார். தருமபுரம் ஆதீனத்தின் தேவாரத் தளத்தில் பன்னிரு திருமுறைகளும் உரையுடன் உள்ளன. ஓதுவார்கள் பண்ணோடு பாடியதைக் கேட்கவும் முடியும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் ஏற்றிய பழந்தமிழ் நூல்கள் இருக்கின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை அங்கே ஒரு நாளைக்கு ஒரு படலம் என்று வாசித்தார். அறுபத்து நான்கு திருவிளையாடல்களும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். படலம் முடிந்தால் பக்கம் முடிகிறது. அடுத்து எதையும் அது எடுத்து நீட்டுவதில்லை.

இப்போது காலையில் தோழியும் உடன் வருகிறார். விரலை இழந்த காலுக்கு ஆடி வீதியின் கற்கள் கூசும் என்பதால் இருவரும் மெல்ல நடக்கிறார்கள். அந்தப் பொடியைப் பற்றி இருவரும் மீண்டும் பேசியதில்லை. தோழியின் மாத்திரை வேளையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நினைவூட்டுபவர் அம்மையார்தான்.

வார இறுதியில் பேரன் அழைக்கிறான். முன்பெல்லாம் பாட்டியிடமிருந்து கோபுரமும் குளமும் படங்களாகப் போகும். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். இப்போது படம் இல்லாததால் கேள்வி கேட்கிறான். இன்று மீனாட்சிக்கு என்ன நிறப் புடவை? கையில் கிளி இருந்ததா? மூக்குத்தி எந்தப் பக்கம்? பாட்டி சொல்லச் சொல்ல அவன் வண்ணக் குச்சியால் வரைகிறான். ஒருநாள், புடவையின் கரை என்ன நிறம் என்று கேட்டான். அவருக்கு நினைவில்லை. "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன் கண்ணா" என்றார்.

மறுநாள் காலை திரை விலகித் தீபம் உயர்ந்தபோது, பின்னால் நின்றவர் நகரச் சொல்லும் வரை அவர் அங்கேயே நின்றிருந்தார். அரக்கு நிறக் கரை.