வேலைக்குப் போக முடியவில்லையா? முதல் நாளே கடிதம் போடுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பென்னாகரம் பக்கத்து டிரைவர் ஒருவருக்குக் காய்ச்சல். பத்து நாள் டூட்டிக்குப் போகவில்லை. காரிமங்கலத்திலிருந்து ஓசூர் கம்பெனிக்குப் போகும் பெண்ணின் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். இரண்டு வாரம் ஷிப்டுக்குப் போகவில்லை. சூப்பர்வைசருக்கு ஒரு போன் செய்ததோடு சரி. உடம்பு தேறியதும், ‘இத்தனை நாள் ஆகிவிட்டதே, போனால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ’ என்று பயம். அந்தப் பயத்திலேயே இன்னும் இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. வீட்டுக்கு வந்த தபாலையும் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேலை போய் ஆறு மாதம் கழித்துத்தான் எந்த ஆபீசுக்குப் போவது என்று விசாரிக்கிறார்கள்.

நான் பார்த்தவரை பலருடைய வேலையைப் பறித்தது அந்தப் பத்து நாள் இல்லை. அந்தப் பத்து நாளைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூட இல்லாததுதான்.

வேலை போகும் இந்த ஆபத்து கூலிக்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012 மே மாதம் ஏர் இந்தியா விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தார்கள். நூறு பேர் வரை வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே போராட்டம் முடிந்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் உடம்பு சரியில்லை என்று சொல்ல, விமானங்கள் ரத்தாயின. 25 பேருக்கு வேலை நீக்க உத்தரவு போனது. மே 9 அன்று டெல்லியில் மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடந்தது. அந்த 25 பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தகராறு சரியான அலுவலகத்துக்கு உடனே போனதால் இரண்டே நாளில் வழி பிறந்தது. நம் ஊர்க்காரர்கள் அப்படியொரு அலுவலகப் படியை உரிய நேரத்தில் ஏறுவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

‘எட்டு நாள் வராவிட்டால் தானாகவே பெயர் போய்விடும்’ என்று கம்பெனியில் மிரட்டுவார்கள். அப்படியொரு நிலையாணையை (கம்பெனியின் பணி விதியை) காட்டி நீக்கப்பட்ட டி.கே. யாதவ் வழக்கில், 1993-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல் ஒருவரை நீக்குவது செல்லாது. கேட்டிலேயே தன்னைத் தடுத்துவிட்டார்கள் என்று சொன்ன அந்தத் தொழிலாளிக்குப் பாதிச் சம்பள பாக்கியோடு வேலை திரும்பக் கிடைத்தது. 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், வேண்டுமென்றே வரவில்லை என்று நிரூபித்தால்தான் அது குற்றம் என்றது அதே நீதிமன்றம்.

மறுபக்கமும் உண்டு. விருப்ப ஓய்வு கேட்டு, அதற்கு அனுமதி வரும் முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் விஜய் சதாயே 2013-இல் வழக்கில் தோற்றார். வேலையைத் தானே கைவிட்டவருக்குச் சட்டம் துணை வராது. ஆகவே, நீங்கள் கைவிடவில்லை என்பதற்கு உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தை உண்டாக்கும் முறை

முதல் நாளே, முடியாவிட்டால் மூன்று நாளுக்குள், கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். உங்கள் பெயர், பணியாளர் எண், டெப்போ அல்லது பிரிவு, எந்தத் தேதியிலிருந்து வர இயலவில்லை, என்ன காரணம், எந்த மருத்துவரிடம் சிகிச்சை, எப்போது திரும்ப முடியும் என்று வரிசையாக எழுதுங்கள். ‘எனக்கு விடுப்பு வழங்க வேண்டுகிறேன். உடல் தேறியதும் பணிக்கு வருவேன்’ என்ற இரண்டு வாக்கியமும் கட்டாயம் இருக்கட்டும். வேலையை விட எண்ணமில்லை என்பதற்கு அந்த இரண்டாவது வாக்கியமே சாட்சி.

நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் கையெழுத்தும் கேளுங்கள். பல இடங்களில் கடிதத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு கையெழுத்து மட்டும் தரமாட்டார்கள். இது அநியாயம், ஆனால் அங்கே நின்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நேராகத் தபால் ஆபீசுக்குப் போங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்டரில் ‘பதிவோடு ஸ்பீடு போஸ்ட்’ என்று கேளுங்கள். ரசீதையும், தபால் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும், கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். ஆனால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடமே சான்று வாங்குங்கள். தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பலன் கிடைக்கும். அந்தப் பலன் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது பழைய 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு கொடுத்திருந்த பாதுகாப்பு. காசு கொடுத்துப் பொய்ச் சான்று வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வராதது சிறு குற்றம், பொய்ச் சான்று பெருங்குற்றம். அதைக் காட்டிப் பிடிபட்டால் எந்த வக்கீலும் காப்பாற்ற முடியாது.

திரும்பப் போனபோது உள்ளே விடாவிட்டால்

‘நாளைக்கு வா, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு, ‘அவர் வரவே இல்லை’ என்று எழுதுவார்கள். இந்தத் தந்திரத்துக்குப் பலியாகாதீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு தபால் போடுங்கள்: ‘இன்று இந்தத் தேதியில், இத்தனை மணிக்குப் பணிக்கு வந்தேன். எனக்கு வேலை தர மறுத்துவிட்டார்கள்.’ ஒரு நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

சார்ஜ் மெமோ வந்தால் வாங்குங்கள். வாங்க மறுத்த தபாலையும் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்பவர்களே, உங்கள் மெமோ அரூர் பக்கத்துக் கிராம வீட்டுக்குத்தான் வரும். வீட்டில் இருப்பவர்களிடம் தபாலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்; அவகாசம் வேண்டுமானால் அதையும் எழுத்தில் கேளுங்கள். விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால், 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், அடுத்து 180 நாள் வரை 75 சதவீதம், அதன் பிறகு முழுச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்பது விதி. கேட்டால்தான் கிடைக்கும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ராஜினாமா எழுதிக் கொடு, செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்’ என்பார்கள். எழுதாதீர்கள். நீக்கப்பட்டவருக்கு வழக்குப் போட வழி இருக்கிறது; தானே விலகியவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

எந்த அலுவலகம்?

வேலை செய்த இடம்தான் கணக்கு, வீடு இருக்கும் இடம் இல்லை. தருமபுரி மாவட்டத்துக்குள் வேலை என்றால் தருமபுரி தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச அலுவலருக்கு மனு. ஓசூர் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு உரிய அலுவலகம். பெங்களூர் என்றால் கர்நாடகத் தொழிலாளர் துறை. விமான நிறுவனம், ரயில்வே, தேசிய வங்கி என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பு. தேவனஹள்ளி விமான நிலையத்தில் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

சமரச அலுவலகத்தில் நிர்வாகம் வராமல் வாய்தா மேல் வாய்தா ஓடும். அதிகாரிகளும் கண்டிப்பதில்லை. ஆனால் மனுக் கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால், அவர்கள் முடித்து வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேரடியாக வழக்குத் தாக்கல் செய்யலாம். தருமபுரி வழக்குகள் சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்வந்திருக்கின்றன. காலக்கெடுவைக் கவனியுங்கள்: பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் மூன்று ஆண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டது. அதே சட்டப்படி, ஒரே நாளில் பாதித் தொழிலாளர்களோ அதற்கு மேலோ பேசிவைத்து விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம். 14 நாள் முன்னறிவிப்பு இல்லாவிட்டால் சட்டவிரோதம். ‘எல்லாரும் சேர்ந்து உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்’ என்று யாராவது அழைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

வக்கீல் பீஸுக்குப் பணம் இல்லை என்று பலர் பின்வாங்குகிறார்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அதே உரிமை. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

இன்று நீங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சரி, தபால் ஆபீஸ் மூடுவதற்குள் அந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.