வள்ளத்து மோட்டாருக்கு எந்த ஆயில்?

டூ-ஸ்ட்ரோக் படம் வரைந்து முழு மார்க் வாங்கியவன்தான் நான். ஆனாலும் போன லீவில், குளச்சலில் சித்தப்பாவின் வள்ளத்து மோட்டாருக்கு பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலை வாங்கிக் கொடுத்ததும் நானேதான். "எல்லாம் ஒண்ணுதான் சித்தப்பா, விலையும் குறைவு" என்று விளக்கம் வேறு! லீவு முடியுமுன் ஒருநாள், கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிளக் முனைகளுக்கிடையே சாம்பல் பாலம் கட்டியிருக்கிறது. ஸ்பேர் பிளக் இருந்ததால் கரை சேர்ந்தோம்.

டூ-ஸ்ட்ரோக்கில் சம்ப் கிடையாது. ஆயில் எரிபொருளோடு கலந்து கிராங்க்கேஸ் வழியே போய், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, தானும் எரிந்துபோகிறது. பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, சூடு அதிகம். அதில் கரி பிடிக்காமலிருக்க ஆயிலில் கால்சியம் போன்ற உலோகச் சேர்மானம் போடுவார்கள். அது எரிந்தால் சாம்பல். வள்ளத்து மோட்டாரோ கடல்நீரை இழுத்துக் குளிர்கிறது, மணிக்கணக்கில் முழு த்ராட்டிலில் ஓடுகிறது. அங்கே இந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து தணலாகிக் கிடக்கும். ஸ்பார்க் வருமுன்னே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனே ஓட்டையாகலாம்.

எனவே சாம்பலில்லா ஆயில்தான் வேண்டும். டப்பாவில் 'டி.சி.-டபிள்யூ3' என்று பாருங்கள். டபிள்யூ என்றால் வாட்டர்-கூல்டு. அதற்காக இதை பைக்கில் ஊற்றிவிடாதீர்கள், அந்தச் சூட்டுக்கு இது ஆனதல்ல!

50:1 கலவை என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு அளவு வேறு. கம்பெனிப் புத்தகம் சொல்வதே கணக்கு.

சித்தப்பா இப்போது டப்பாவைத் தானே திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறார். என்னிடம் கேட்பதில்லை.